வடக்குச் சுவரில் இமெல்டா

இமெல்டா செத்து எட்டாம் மாதம், வில்ஸ்போ கிராமத்துக் கோயிலின் வடக்குச் சுவரில், இரண்டாம் சன்னலுக்கும் மூன்றாம் சன்னலுக்கும் நடுவில், சுண்ணாம்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். முதலில் குதிக்கால். பிறகு வாளி. பிறகு முதுகு. ஒரு கிழமைக்குள் முழு ஆளும் வந்துவிட்டாள்.

எனக்கு அதை ரெலிபோனில் சொன்னவள் பொடில். அந்தக் கோயில் சபையின் தலைவி. முப்பது வருடம் மாடு வளர்த்துப் பால் கறந்து ஓய்ந்தவள்.

“சந்தி, உன்ர மனுசி எங்கட சுவரில நிக்கிறா. வந்து பார்க்கிறியா? கோப்பி இருக்கு.”

“எந்தச் சுவர்?”

“வடக்கு.”

“வியாழக்கிழமை வாறன்.”

செவ்வாய் காருக்கு ரயர் மாற்ற வேண்டியிருந்தது. புதன் பல் டொக்டர்.

என் பெயர் சந்தியாப்பிள்ளை. ஊர் நாவாந்துறை. டென்மார்க்கில் என் பெயரை ஒருவரும் கடைசிவரை சொல்லி முடித்ததில்லை. அங்கே கிழவனுக்கும் நீ, சுவாமியாருக்கும் நீ, எல்லோருக்கும் நீதான், ஆகவே அவர்கள் பேசியதை எல்லாம் என் வாய்க்கு வந்த தமிழில்தான் இங்கே எழுதுகிறேன்.

வில்ஸ்போவைப் பார்க்கக் கோடையில் பஸ் பிடித்து வருவார்கள். வைக்கோற்போர் போலத் தடித்த நாணற்கூரை வீடுகள், மஞ்சள் சுவர், கறுப்பு மரச்சட்டம், கதவுக்குக் கதவு ஏறிநிற்கும் ரோசாக்கொடி, நடுவில் ஒரு குளம், குளத்தில் ஆறு தாரா வாத்து, குளத்துக்கு மேலே மேட்டில் வெள்ளை வெளேரென்று அந்தக் கோயில், சிவப்போட்டுக் கூரையும் படிப்படியாய் ஏறி இறங்கும் கோபுர உச்சியுமாய், எண்ணூறு வருடமாக அதே இடத்தில், சுற்றிவரக் கல்லறைகளோடு சேமக்காலை, சேமக்காலையைச் சுற்றி மதில். இவ்வளவையும் நான் காரின் முன்கண்ணாடிக்குள்ளால்தான் பார்த்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடம், செவ்வாயும் வெள்ளியும், பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் விடியற்காலை வேலை முடித்து வந்து, அவளை ஏற்றிக்கொண்டு அரை மணித்தியாலம் ஓடி, மதிலோரம் இறக்கிவிட்டு, அவள் கோயிலைக் கூட்டித் துடைத்து முடிக்கும்வரை மூன்று மணித்தியாலம் காருக்குள் இருந்தேன். உள்ளே போனதில்லை. போகக்கூடாதென்று ஒன்றும் இல்லை. போகவில்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை போனேன்.

பெரிய மரக்கதவு. குனிந்து போகவேண்டும். உள்ளே குளிர். கல்லில் குடைந்த ஞானஸ்நானத் தொட்டி, இரண்டு பக்கமும் நீல வாங்குகள், தரையில் மஞ்சள் செங்கல், முகட்டிலிருந்து கயிற்றில் தொங்கும் ஒரு சின்னப் பாய்க்கப்பல், கடலுக்குப் போனவர்களுக்காக ஆரோ எந்தக் காலத்திலோ செய்து தூக்கியது. சுவரெல்லாம் வெள்ளை. வடக்குப் பக்கம் திரும்பினேன்.

நின்றாள். ஆள் உயரத்தில், செங்காவியிலும் கரியிலும் கீறியது மாதிரி. இடது கையில் வாளி, வலது கையில் துணி. காலில் ரப்பர் செருப்பு. தொழிற்சாலையில் எனக்குத் தந்த பழைய கம்பளி மேற்சட்டை, முழங்கைக்குக் கீழே இஸ்திரிப்பெட்டி சுட்ட ஓட்டையோடு. கொண்டை கொஞ்சம் அவிழ்ந்திருந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவளா என்று பொடில் கேட்டாள். ஓம் என்றேன்.

இதிலே எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. இமெல்டா செத்து இரண்டாம் மாதமே அவள் முகம் எனக்கு மறந்துவிட்டது. நாற்பத்தொரு வருடம். வீட்டில் படங்கள் இருக்கின்றன, ஆனால் படத்தில் அவள் படம் பிடிக்கிறவனைப் பார்க்கிறாள், அது வேறு முகம். கண்ணை மூடினால் கை வரும், குரல் வரும், காருக்குள் பக்கத்தில் இருக்கும் ஒரு மடி வரும், மடியில் ஒரு பை வரும். முகம் வராது. எந்நேரமும் ரோட்டைப் பார்த்து ஓட்டினவனுக்கு அப்படித்தான் இருக்குமாக்கும். எனக்கு அழுகையும் வரவில்லை. செத்த அன்றும் வரவில்லை, சுவரில் பார்த்த அன்றும் வரவில்லை. பல் டொக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது எல்லாம்.

“முன்பக்கம் தெரியாதோ?” என்று கேட்டேன்.

“சுவருக்கு முன்பக்கம் பின்பக்கம் இல்லை, சந்தி,” என்றான் எய்னர். அவன்தான் கோயிலையும் சேமக்காலையையும் பார்க்கிறவன். நெட்டையன். வாயில் எப்போதும் ஒரு தீக்குச்சி.

பிறகு பக்கத்து மண்டபத்தில் கோப்பி. பொடில், எய்னர், வியாழக்கிழமை கம்பளி பின்ன வரும் நாலு மனுசிகள். சீனி போட்ட பணிஸ் ஒரு தட்டம். நான் இரண்டாவது பணிசை எடுக்கும்போது பொடில் கேட்டாள்:

“ஒண்டு கேக்கட்டே? நீ இப்பவும் செபம் சொல்லுறனியோ?”

“என்ன செபம்?”

“காருக்குள்ள இருந்து சொல்லுறது. இமெல்டா சொன்னவ. மூண்டு மணித்தியாலமும் நீ செபமாலை சொல்லுறனியாம், இடையில ஆரும் கதைச்சால் முதலில இருந்து துடங்க வேணுமாம். அதாலதான் நாங்கள் ஒரு நாளும் கண்ணாடியில தட்டேல்ல.”

“செவ்வாயும் வெள்ளியும் நான் அந்தப் பக்கம் புல்லு வெட்டுற மெசின் போடமாட்டன்,” என்றான் எய்னர்.

“நான் என்ர நாயைத் தூக்கிக்கொண்டுதான் உன்ர காரைக் கடந்து போவன்,” என்றாள் பின்னுகிற மனுசிகளில் ஒருத்தி. “குலைச்சுப்போடும் எண்டு. அது சின்ன நாயுமில்லை.”

நான் பணிசைக் கீழே வைத்தேன்.

“ரேடியோ கேட்டனான்,” என்றேன். “கால்பந்து.”

பின்னல் ஊசிகள் நின்றன. இந்த ஊர்ச் சனம் அப்படித்தான், ஒருவன் தனியே இருக்க விரும்புகிறான் என்று தெரிந்தால் அவன் வீடு எரிந்தாலும் கதவைத் தட்ட இரண்டு தரம் யோசிக்கும். பொடில் எழும்பி என் கோப்பையை நிரப்பினாள்.

“அப்ப கோப்பி குடிச்சிருக்கலாம்,” என்றாள். “இருபத்திரண்டு வருசம்.”

இமெல்டா ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்தால் விளங்கிவிடும். அதனால் யோசிக்கவில்லை. பணிசைத் தின்றேன்.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் போனேன். வேறு வேலை இல்லை. அப்படிப் போனதில்தான் இவர்கள் அவளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். முதற்கிழமையிலேயே எய்னர் அவளைச் சுவர் கசிவென்று நினைத்துச் சுண்ணாம்பு கரைத்து இரண்டு பூச்சுப் பூசியிருக்கிறான். அடுத்த நாள் காலை பூச்சு முழுக்கத் துடைக்கப்பட்டிருந்தது, அவள் கைத்துணி வெள்ளையாக இருந்தது, எய்னர் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு என் நம்பரைத் தேடச் சொல்லிப் பொடிலிடம் போயிருக்கிறான். அடுத்து அவள் நடக்கிறாள் என்பதைக் கண்டார்கள். பீடத்தை விட்டு விலகி மேற்கே, கோபுரத்துப் பக்கமாக, கிழமைக்கு ஒரு சாண். நடப்பது கண்ணுக்குத் தெரியாது. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை எய்னர் குதிக்காலுக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போடுவான், அடுத்த சனிக்கிழமை கோடு பின்னால் இருக்கும், அதற்கடுத்த சனிக்கிழமை கோடு இருக்காது, அதையும் துடைத்திருப்பாள். அவள் கடந்த இடம் முன்பிருந்ததை விட வெள்ளையாய் மூடிக்கொள்ளும்.

அவள் போகிற வழியில் சுவரோடு ஒரு சூடாக்கி இருந்தது. சுட்டுவிடும் என்றார்கள். ஏப்ரல் மாதம், வெளியே உறைபனி, உயிர்த்த ஞாயிறுக்கு முதற்கிழமை, அந்தச் சூடாக்கியையும் அதற்கடுத்ததையும் கழற்றி வெளியே வைத்துவிட்டு, பெருநாளன்று அந்த ஊர் முழுக்கத் தடித்த கோட்டும் கையுறையும் தொப்பியுமாய் இருந்து, வாயிலிருந்து புகை வரப் பாடியது. ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை. பாடல் இலக்கம் போடும் பலகையைத் தெற்குச் சுவருக்கு மாற்றினார்கள். ஐந்நூறு வருடத்துச் சுவாமிமாரின் பெயரெல்லாம் வெட்டிய பெரிய ஓக் பலகை ஒன்று வழியில் இருந்தது. அதைக் கழற்றுவதற்குத்தான் சபை கூட வேண்டி வந்தது, ஏனென்றால் அதில் பதினாலாவது பெயர் ஒரு கிழவனின் பூட்டன்.

“இருநூறு வருசமா ஒருத்தரும் தொடாத பலகை,” என்றான் அந்தக் கிழவன்.

“உன்ர பூட்டன் இருநூறு வருசமா ஒரே இடத்தில நிக்கிறார்,” என்றாள் பொடில். “அவ வேலை செய்துகொண்டு வாறா. ஆர் விலகவேணும்?”

கை தூக்கினார்கள். பலகை விலகியது. கிழவனே வந்து ஏணியைப் பிடித்தான்.

மே மாதம் ஒரு கலியாணம். பெண்ணின் தாய்க்கு, படங்களில் வாளியோடு ஒருத்தி நிற்பது பிடிக்கவில்லை. பெண் சொன்னாளாம், எனக்கு ஞானஸ்நானம் தந்த அன்று நான் சத்தி எடுத்ததைத் துடைத்தது அவதான், அவ நிக்கட்டும் என்று. பாலர் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாய் வந்து தரையில் இருந்து அவளைத் தாளில் கீறினார்கள், எல்லோரும் வாளியைப் பெரிதாய்க் கீறினார்கள். ஞாயிறு பூசைக்கு வருகிறவர்கள் அவளைக் கடக்கும்போது கையை அரைவாசி தூக்கி, “ஹை இமெல்டா” என்று சொல்லிவிட்டுப் போய் வாங்கில் இருந்தார்கள், உயிரோடு இருந்தபோது சொன்ன அதே அளவில், அதற்குமேல் ஒன்றும் இல்லை. மெழுகுதிரி கொளுத்தவில்லை. முழந்தாளில் நிற்கவில்லை. பெண் சுவாமியார் பிரசங்கத்தில் ஒரே ஒரு தரம் அவளைப் பற்றிச் சொன்னா, அதுவும் வாசலில் சேற்றுச் சப்பாத்தைத் தட்டிவிட்டு வாருங்கோ என்று. பஸ்ஸில் வந்த ஒரு ஜெர்மன்காரி, இது எந்தப் புனிதர் என்று எய்னரிடம் கேட்டாள்.

“துப்புரவு செய்யிறவா,” என்றான்.

“எதுக்குப் புனிதர்?”

“தரைக்கு.”

ஜூனில் கோயில் பார்வையிடும் நாள். வருடத்துக்கொருமுறை சபையார் எல்லோரும் ஒரு கொப்பியோடு கோயிலைச் சுற்றி நடந்து, வெடிப்பு, ஒழுக்கு, கழன்ற ஓடு எல்லாவற்றையும் எழுதி, என்ன திருத்தம் என்று பக்கத்தில் போடுவார்கள். நானும் பின்னால் போனேன். வடக்குச் சுவருக்கு வந்ததும் பொடில் எழுதியதை எட்டிப் பார்த்தேன். ‘இமெல்டா. திருத்தம் தேவையில்லை.’

“தொட்டிக்குப் பின்னால மட்டும் ஒரு நாளும் துடைக்கிறேல்ல,” என்றாள் பின்னுகிறவர்களில் இன்னொருத்தி, சுவரில் நிற்பவளுக்குக் கேட்கட்டும் என்று. “சிலந்தி வலையைப் பாருங்கோ.”

“அவவுக்கு முழங்கால் ஏலாது,” என்றேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வந்த நாளிலிருந்து ஒருவரும் கேட்காமல் அவளைப் பற்றிச் சொன்ன முதல் விசயம் அது.

ஜூலையில் கொப்பன்ஹேகனில் இருந்து ஒருத்தி வந்தாள், அனெலிசெ என்று பெயர், பழைய சுவரோவியங்களைப் பார்க்கிறவள். விளக்குப் பிடித்தாள், விரலால் தட்டிப் பார்த்தாள், காதை வைத்துக் கேட்டாள், ஊசிமுனையளவு சுரண்டிக் கண்ணாடிக் குழாயில் போட்டாள். இரண்டு நாள். அவளும் ஆச்சரியப்படவில்லை.

“நிறம் கொலம்பஸ் காலத்தது,” என்றாள். “மேற்சட்டை ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு.”

“தொண்ணூற்றேழு,” என்றேன்.

“நன்றி.” வெட்டிவிட்டு எழுதினாள்.

பிறகு என்னை வாங்கில் இருத்தி விளங்கப்படுத்தினாள். வடக்குச் சுவரின் பழைய காரை கோபுரத்து மூலை மட்டும்தான். மூலைக்கு அங்காலே பிற்காலத்துச் செங்கல். அதிலே அவள் நடக்க இடமில்லை. ஓகஸ்ட் கடைசியில் மூலைக்கு வந்துவிடுவாள், வந்தால் அதோடு சரி. ஆனால் மறிக்கலாம். பாலில் செய்கிற ஒரு பசை இருக்கிறது, அதைக் காரைக்குள் ஊசியால் ஏற்றினால் நின்ற இடத்தில் நிற்பாள். இன்னும் ஐந்நூறு வருடம் நிற்பாள். மூலைக்கு மூன்று சாண் முன்னம் செய்ய வேண்டும், அதற்குப் பிறகு காரை உள்ளே வெற்றாய்க் கோறை, ஏற்றினால் பெயர்ந்து விழும்.

“பாலுக்கு யோசிக்காதை,” என்றாள் பொடில் பின் வாங்கிலிருந்து.

“இப்பிடியே நிப்பாளோ?” என்று கேட்டேன். “முதுகைக் காட்டிக்கொண்டு?”

“எப்பிடி நிக்கிறாவோ அப்பிடியே.”

“மறிக்காட்டி?”

“மூலை வரைக்கும் போவா.”

“மூலைக்கு வந்தால் திரும்புவாள்.”

“ஏன்?”

“தொழிற்சாலையில இருபத்தேழு வருசம் நான் தரை கழுவினனான். மூலைக்கு வந்தால் திரும்பத்தான் வேணும்.”

அனெலிசெ கொஞ்சம் யோசித்தாள். “எனக்குத் தெரியாது,” என்றாள். “நான் ஒரு நாளும் துப்புரவு செய்ததில்லை.”

ஆக, இதுதான் கணக்கு. மறித்தால் முதுகு, எக்காலத்துக்கும். மறிக்காவிட்டால் ஒருவேளை முகம், ஒரு தரம், அதற்குப் பிறகு வெறும் சுவர். திரும்பாமலே போனால் இரண்டும் இல்லை.

ஊர் கூடியது. மண்டபம் நிறைந்தது, கோப்பி, பணிஸ், ஆளுக்கு இரண்டு நிமிடம். மறிக்க வேண்டும் என்று பொடில். நடக்கிறவளை மறிக்கக்கூடாது என்று எய்னர். வாக்கெடுப்பு. மறிப்பதற்குப் பத்தொன்பது கை. மறிக்காமல் விடப் பத்தொன்பது கை. மணப்பெண்ணாய் இருந்தவள் மட்டும் தூக்கவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“இன்னொருத்தற்ற மனுசிக்கு நாங்கள் கை தூக்கிக்கொண்டு நிக்கிறம்,” என்றாள்.

கைகள் ஒவ்வொன்றாய் இறங்கின. மறிக்கவா என்று கேட்கும் கடதாசிப் பாரத்தைப் பொடில் எனக்கு முன்னால் வைத்தாள். இரண்டு பெட்டி. ஆம். இல்லை. கீழே என் முழுப் பெயர், எழுத்துப் பிழையில்லாமல்.

மகள் நிரோஜினி கொப்பன்ஹேகனில் படிப்பிக்கிறாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து பார்த்து, சுவருக்கு முன்னால் நின்று அழுதுவிட்டுப் போனவள். ஓகஸ்ட் முதற்கிழமை ரெலிபோன் எடுத்தாள்.

“கையெழுத்து வைச்சிட்டீங்களோ, அப்பா?”

“நாளைக்கு.”

“ஆம்தானே?”

“முதுகு, பிள்ளை.”

“முதுகெண்டாலும் அம்மா. என்ர பிள்ளையள் வளர்ந்து வந்து பார்க்கலாம். அதுகளின்ர பிள்ளையள் பார்க்கலாம். நீங்கள் என்ன விசர்க்கதை கதைக்கிறியள்?”

“முகம் வரும்.”

“வராட்டி?”

“வராட்டி வராது.”



“இருபத்திரண்டு வருசம் ஒருக்கால் உள்ளுக்குப் போய் அம்மா என்ன செய்யிறா எண்டு பார்க்காத ஆள் நீங்கள். இப்ப நீங்களோ முடிவெடுக்கிறது?”

“ஓம்,” என்றேன். “பாரத்தில என்ர பேர்தான் கிடக்கு.”

வைத்துவிட்டாள். அவளுக்கு நான் சொல்லியிருக்கலாம், எனக்கு உன் அம்மாவின் முகம் மறந்துபோச்சு என்று. அதை எப்படிச் சொல்வது. வாயைத் திறந்தால் ரயரைப் பற்றித்தான் வரும்.

அடுத்த நாள் ‘இல்லை’ என்ற பெட்டியில் புள்ளடி போட்டுப் பொடிலிடம் கொடுத்தேன். வாசித்தாள். மடித்தாள்.

“நீ ஒரு விசரன், சந்தி.”

“தெரியும்.”

“பால் எடுத்து வைச்சிருந்தனான்.”

“தெரியும்.”

கோப்பி ஊற்றினாள். அந்தச் சனி பணிஸ் இருக்கவில்லை. அதற்கடுத்த சனி இருந்தது.

மூன்று சாண், இரண்டு சாண். அந்த நாட்களில் நான் தினமும் போகத் தொடங்கினேன். வாங்கில் இருப்பேன். அவளோடு பேசவில்லை, செபமும் சொல்லவில்லை, துணி பிடித்த அந்த வலது தோளைப் பார்த்துக்கொண்டு இருப்பேன், கொண்டை முன்னைவிட அவிழ்ந்திருந்தது. ஒரு சாணும் கொஞ்சமும் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை, கல்லறைகளுக்கு நடுவே சரளைக்கல் வாரிக்கொண்டிருந்த எய்னரிடம் போனேன்.

“அந்தப் பசை,” என்றேன். “இப்ப ஏத்தினால்?”

அவன் வாரியை மதிலில் சாத்தினான். தீக்குச்சியை வாயிலிருந்து எடுத்தான். அதை எடுத்து நான் கண்டதில்லை.

“பிந்திப்போச்சு, சந்தி.”

“சும்மா கேட்டனான்.”

“ஓம்,” என்றான். “சும்மாதான்.”

கடைசிச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஊரே வந்துவிட்டது. அறுவடைக் காலம், வயலில் மெசின்களை அப்படியே நிற்பாட்டிவிட்டு, சப்பாத்தில் கோதுமைத் தூசோடு வந்தார்கள். சேற்றை வாசலில் தட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். பின்னுகிற மனுசிகள் பின்னலைக் கொண்டுவரவில்லை. பூட்டன் பலகைக் கிழவன் ஊன்றுகோலோடு வந்தான். மணி அடிக்கவில்லை, பாட்டு இல்லை, சுவாமியாரும் சாதாரண உடுப்போடு ஐந்தாம் வாங்கில் இருந்தா. நிரோஜினியும் வந்தாள், என்னிடம் வரவில்லை, நடுவழிக்கு அந்தப் பக்கத்து வாங்கில் பொடிலுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

அன்று அவள் அசைவது கண்ணுக்குத் தெரிந்தது. மணிக்கூட்டின் பெரிய முள்ளை விடாமல் பார்த்தால் தெரியும், அந்த அளவுக்கு. துணி பிடித்த கை மேலே போனது, கீழே வந்தது, மூலையைத் தொட்டது. மூலையை இரண்டு தரம் துடைத்தாள், விரலை உள்ளே விட்டு, மேலிருந்து கீழே. பிறகு குனிந்து வாளியைக் கீழே வைத்தாள். துணியைப் பிழிந்து வாளியின் விளிம்பில் போட்டாள். முதுகில் கை ஊன்றி நிமிர்ந்தாள்.

திரும்பினாள்.

நான் மறந்துபோன முகம் அதுவல்ல. நான் பார்த்தே இராத முகம். வீட்டில் சோறு போடும்போதும் காருக்குள் பக்கத்தில் இருக்கும்போதும் அவளுக்கு இந்த முகம் இருந்ததில்லை, அல்லது இருந்து நான் பார்க்கவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. மேலுதட்டில் வியர்வை. ஒரு மயிர்க்கற்றை நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதைக் கீழுதட்டைப் பிதுக்கி ஊதி விலக்கினாள். அலுப்பு இருந்தது. நல்ல வேலை செய்து முடித்தவளின் கெட்டித்தனமும் இருந்தது. வேலைத்தலத்தில் ஒரு ராசாத்தி மாதிரி நின்றாள். அத்தனை பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவள் எங்கள் ஒருவரையும் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கண்ணைத் தாழ்த்தி, வாங்குகளுக்குக் கீழே, செங்கல் செங்கலாய், பீடத்தடியிலிருந்து வாசல் வரைக்கும் தரையைப் பார்த்துக்கொண்டு போனாள். துடைத்த தரை காய்ந்துவிட்டதா, ஆரும் உழக்கிவிட்டார்களா என்று.

முதலில் காலைத் தூக்கியது பூட்டன் பலகைக் கிழவன். பிறகு பின்னுகிற மனுசிகள் நாலு பேரும். பிறகு எய்னர், அந்த நெட்டைக் கால்களை முன் வாங்கின் முதுகோடு மடித்துக்கொண்டு. பிறகு மணப்பெண், சுவாமியார், பொடில், என் மகள், வயலிலிருந்து வந்தவர்கள், பாலர் பள்ளிப் பிள்ளைகள், ஒருவர் பின் ஒருவராய், சத்தமில்லாமல், வாங்கைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கோயிலில் இருந்த எல்லோரும் தரையிலிருந்து காலைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். எனக்கு எழுபத்திரண்டு வயது, இடுப்பு நொந்தது. அவள் பார்வை என் வாங்குக்குக் கீழே வந்தது, ஒரு கணம் நின்றது, போனது.

சரி என்பது மாதிரித் தலையை ஆட்டினாள். வாளியைத் தூக்கினாள். சுண்ணாம்பு மூடிக்கொண்டது, முதலில் செருப்பை, பிறகு மேற்சட்டையை, கடைசியில் நெற்றியை. மூலை வெள்ளையாய் இருந்தது.

பிறகு ஒவ்வொருவராய்க் காலை இறக்கினார்கள். செருமினார்கள். மண்டபத்தில் கோப்பி இருக்குது என்று பொடில் தாழ்ந்த குரலில் சொன்னாள், எழும்பிப் போனார்கள், வாங்குகள் காலியாகின, தெற்குச் சன்னலால் வெயில் வந்து தரையில் விழுந்தது. நிரோஜினி வழியைக் கடந்து வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள். என் முழங்காலில் கையை வைத்தாள்.

“அப்பா. எல்லாரும் போட்டினம். காலைக் கீழ வையுங்கோ.”

“இன்னும் காயேல்ல,” என்றேன்.